அப்பாவின் கடையைப் பங்கிட உதவிய ஆலோசனைச் சேவை: ஜார்ஜ்டவுனில் எங்கள் அனுபவம்

குடும்பத் தொழில் நடத்துபவர்களுக்கென்றே மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ்டவுனில் ஓர் ஆலோசனைச் சேவை இருக்கிறது. ஒரு வழக்கறிஞர் அம்மையாரும் உளவியல் ஆலோசகர் ஒருவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். இருவருமே தமிழர்கள். உயில் எழுதித் தரவும் கம்பெனிப் பங்குகளை மாற்றித் தரவும் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர்களுடைய வேலை அதற்கு முந்தையது. தாயையும் பிள்ளைகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, சொத்தைப் பற்றிப் பேசவிடாமல் எது தடுக்கிறதோ அதைப் பேசவைக்கிறார்கள். கொடுத்த பணத்துக்கு மேல் எங்களுக்குப் பலன் கிடைத்தது. குறைகளும் உண்டு, அவற்றில் ஒன்று பெரிய குறை. குறையையும் எழுதப்போகிறேன் என்பதாலும், பினாங்கில் நம் கடைக்காரர் வட்டம் மிகச் சிறியது என்பதாலும் சேவையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

எங்களுடையது லிட்டில் இந்தியாவில் உள்ள பாத்திரக் கடை. குத்துவிளக்கு, குடம், எவர்சில்வர் அண்டா, கல்யாணச் சீர்வரிசைத் தட்டு, தைப்பூசம் நெருங்கும்போது பால்குடத்துக்கான செம்பு. தாத்தா காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கி ஒன்றில் சமையல் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாடகைக்கு இடம் பிடித்துக் கடை வைத்தார். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை வாடகை மிகக் குறைவு. அந்தச் சட்டம் 1997இல் ரத்தாகி, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கட்டுப்பாடு முழுவதுமாக விலகியது. வாடகை ஏறியது, பழைய கடைக்காரர்கள் பலர் காலி செய்துகொண்டு போனார்கள். அப்பா போகவில்லை. 2003இல் கட்டடத்தையே வாங்கிவிட்டார். அம்மாவின் நகைகள் அதில் போயின. சம்பளமே வாங்காமல் உழைத்த அண்ணனின் உழைப்பு அதில் இருக்கிறது. வங்கித் தவணைக்கு என் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் 400 ரிங்கிட் போயிற்று. பத்திரத்தில் அப்பா பெயர் மட்டும்தான்.

2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அதற்குப் பிறகு எங்கள் கடைவீட்டுக்குத் தரகர்கள் சொன்ன விலையைக் கேட்டு அப்பா முதலில் நம்பவில்லை. கடையின் வருமானமோ அப்படியேதான் இருந்தது. மூன்று தலைமுறை பாத்திரம் விற்றுச் சேர்த்திருக்க முடியாத தொகை, சுவரும் தலைக்கு மேல் ஓடும் உத்தரமுமாக நின்றது. சொத்து சிறியதாக இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சந்தேகப்பட்டதில்லை. விலை ஏறிய பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுப் பேச்சில் ஒரு கவனம் வந்து உட்கார்ந்துகொண்டது. யார் எதைச் சொன்னாலும், இவர் எதற்காக இதைச் சொல்கிறார் என்று மற்றவர்கள் யோசித்தோம்.

அப்பா உயில் எழுதாமல் இறந்தார். கேட்டபோதெல்லாம், “இப்போது என்ன அவசரம்?” என்பார். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்ற பயம் அவருக்கு இருந்தது. மலேசியாவில் மரண வரி 1991 நவம்பர் 1ஆம் தேதியோடு எடுக்கப்பட்டுவிட்டது. வரி உள்ள நாடுகளில் அந்த வரிக்குப் பயந்தாவது தகப்பன்மார் ஒரு கணக்காளரிடம் போய் உட்கார்கிறார்கள். இங்கே அப்படித் தள்ளிவிட யாரும் இல்லை. எங்கள் அப்பாவைப் போன்ற எத்தனையோ பேர் கல்லாப்பெட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டே போய்விடுகிறார்கள்.

உயில் இல்லாவிட்டால் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். அப்பாவின் பெற்றோர் இல்லை. ஆகவே மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. நாங்கள் மூன்று பேர். ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. மகன், மகள் என்ற வேறுபாடு இந்தச் சட்டத்தில் கிடையாது. பதினெட்டு வயதிலிருந்து கடையில் நின்ற அண்ணனுக்கும் ஒன்பதில் இரண்டு. படிக்கப் போய் மெல்பர்னிலேயே தங்கிவிட்ட தம்பிக்கும் ஒன்பதில் இரண்டு. கணக்காளராக வெளியில் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் கடைக் கணக்கையும் எழுதிய எனக்கும் அதே ஒன்பதில் இரண்டு. கடை அப்பா பெயரில் தனியாள் வணிகமாகப் பதிவாகியிருந்தது. வங்கிக் கணக்கும் அவர் பெயரில்தான் இருந்தது. அது முடங்கியது. நீதிமன்றத்தில் நிர்வாக அதிகாரம் பெற எல்லாருடைய ஒத்துழைப்பும் வேண்டும். அண்ணன் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

உறவினர்கள் என்னிடம் வந்து, “உனக்குத்தான் கல்யாணத்தில் நாற்பது பவுன் போட்டாயிற்றே, அண்ணனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு” என்றார்கள். சொன்னவர்களில் பெண்களே அதிகம். நான் மறுத்தேன். அந்த மறுப்பால் நான் பேராசைக்காரி என்று பெயர் பெற்றேன். அந்த நிலையில்தான் என் சக ஊழியர் ஒருவர் சொல்லி இந்தச் சேவையை நாடினோம்.

முதல் சந்திப்புக்கு 300 ரிங்கிட். அதில் எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டு, தாங்கள் எதைச் செய்வோம், எதைச் செய்யமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். முழு வேலைக்கும் 7,500 ரிங்கிட் என்று ஒரே தொகை பேசினார்கள். நீதிமன்றச் செலவு தனி. சொத்து மதிப்பில் விழுக்காடு கேட்கவில்லை. இது எனக்குப் பிடித்தது. விழுக்காடு வாங்குபவருக்குச் சொத்தின் விலை கூடினால் லாபம். எங்களுக்கு வேண்டியதோ கட்டடத்தின் விலையை ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசும் ஆள்.

முதலில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்தித்தார்கள். தம்பியைத் திரையில் சந்தித்தார்கள். அடுத்து எல்லாரும் கூடிய நாளில் ஆலோசகர் ஒரு தாளில் ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் மூன்று வட்டங்கள் வரைந்தார். குடும்பம் ஒன்று, உடைமை ஒன்று, தொழில் ஒன்று. 1978இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் தாகியூரி, டேவிஸ் என்ற இருவர் உருவாக்கிய படம் அது என்றார். எங்கள் பெயர்களை அந்த வட்டங்களில் எங்களையே எழுதச் சொன்னார். அண்ணன் மூன்றும் கூடும் நடு இடத்தில் எழுதினார். தம்பி குடும்பமும் உடைமையும் வெட்டும் இடத்தில். நான் எங்கே எழுதுவது என்று எனக்கே தெளிவில்லை; இரவுக் கணக்கு வேலை தொழிலில் சேருமா? “சேரும்” என்று அண்ணன் சொன்னார். பல மாதங்களுக்குப் பிறகு என்னை நோக்கி அவர் சொன்ன முதல் சொல் அது.

இந்தச் சேவையில் எனக்குப் பெரிதாகத் தோன்றியது அவர்கள் பேரேடு என்று சொல்லும் பயிற்சி. போசோர்மெனி-நாஜ் என்ற ஹங்கேரிய அமெரிக்க மனநல மருத்துவர், ஒவ்வொரு குடும்பத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்கு தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது என்று எழுதியவர். யார் யாருக்கு என்ன செய்தார், யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்ற கணக்கு. யாரும் அதை எழுதுவதில்லை, மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஆலோசகர் எங்களை அதை எழுதச் சொன்னார். இடப்பக்கம் இந்த வீட்டுக்கு நான் கொடுத்தது. வலப்பக்கம் நான் பெற்றுக்கொண்டது. கடைசியில், நான் கொடுத்ததில் மற்றவர்களுக்குத் தெரியாது என்று நான் நினைப்பது. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் மறுத்துப் பேசக்கூடாது.

அண்ணன் வாசித்தார். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் எங்கள் மூவரிலும் நல்ல மதிப்பெண் வாங்கியவர் அவர்தான். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த வருடம் கடையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. தேவைப்படும்போது கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வார். எடுத்ததை அப்பாவிடம் சொல்லவேண்டும். ஐம்பது வயது கடந்த பிறகும் மகனின் பள்ளிச் செலவுக்கு அப்பாவிடம் கேட்டு நின்றிருக்கிறார். இதை அவர் வாசித்தபோது குரல் தடுமாறவில்லை. தாள் மட்டும் நடுங்கியது.

சம்பளம் இல்லையென்றால் ஊழியர் சேமநிதியும் இல்லை. மாதச் சம்பளம் வாங்கும் எனக்கு என் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 12 அல்லது 13 விழுக்காடு என்று மாதந்தோறும் சேர்ந்துவந்தது. 55 வயதில் எனக்கென்று ஒரு தொகை காத்திருக்கும். அண்ணனுக்கு ஒரு காசு இல்லை. கடையை அனுபவித்துக்கொண்டிருப்பவர் அவர்தான் என்று தம்பி உறுதியாக நம்பியிருந்தான். வழக்கறிஞர் அம்மையார் ஒரு சாதாரணக் கடை மேலாளரின் சம்பளத்தை வைத்து, இத்தனை வருடத்தில் சேமநிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டியபோது திரையில் அவன் முகம் மாறியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

நான் வாசித்தேன். தவணைப் பணத்தின் வங்கிப் புத்தகங்களைக் கொண்டுபோயிருந்தேன். வலப்பக்கத்தில் நாற்பது பவுனையும் எழுதினேன். எழுதிவிட்டுச் சொன்னேன்: என் நகை கணக்கில் வருமென்றால் தம்பியின் மெல்பர்ன் படிப்புச் செலவும் வரவேண்டும், அண்ணனின் கல்யாணச் செலவும் வரவேண்டும். மகளுக்குக் கொடுத்தது மட்டும் பங்காகவும் மகனுக்குக் கொடுத்தது மட்டும் பாசமாகவும் எழுதப்படுவது எந்தக் கடைக் கணக்கில் நியாயம்? இதை நான் கோபமாகத்தான் சொன்னேன். நம் வீடுகளில் பெண்கள் இந்த ஒரு வாதத்தால் எத்தனை பங்குகளை இழந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது. ஆலோசகர் என்னைச் சமாதானப்படுத்த முயலவில்லை. மூன்றையும் எழுதச் சொன்னார். எழுதினோம். 1994இல் எனக்குப் போட்ட நகையும் தம்பியின் படிப்புச் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி வந்தன. அதன் பிறகு அந்த நாற்பது பவுனைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை.

தம்பி வாசித்ததுதான் யாரும் எதிர்பாராதது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் அம்மாவுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பிவந்திருக்கிறான். அண்ணனிடம் சொல்லவேண்டாம், அவன் மனம் புண்படும் என்று அம்மா தடுத்திருக்கிறார். அப்பாவின் கடைசி மருத்துவச் செலவில் பெரும்பகுதி அந்தப் பணம். தம்பி ஒன்றும் கொடுக்காதவன் என்று அண்ணன் இத்தனை வருடம் நினைத்திருந்தார்.

அம்மா அழுதுவிட்டார். “நான் சண்டை வரக்கூடாது என்றுதான் செய்தேன், தம்பி” என்று ஆலோசகரிடம் சொன்னார். இங்கே ஆலோசகர் நடந்துகொண்ட விதத்துக்காகவே இந்தச் சேவைக்கு நான் நன்றி சொல்வேன். அவர் அம்மாவைக் குற்றவாளி ஆக்கவில்லை. இரண்டு பேருக்கு இடையே இறுக்கம் வந்தால் அவர்கள் மூன்றாம் ஆளை இழுத்து அதைத் தாங்கவைப்பார்கள் என்று மர்ரே போவென் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் விளக்கியிருக்கிறார், பல குடும்பங்களில் அந்த மூன்றாம் ஆள் தாய்தான் என்று மட்டும் சொன்னார். “நீங்கள் இத்தனை வருடம் இரண்டு பேருடைய பாரத்தையும் சுமந்திருக்கிறீர்கள், அம்மா. இனி அவர்கள் நேராகப் பேசிக்கொள்ளட்டும்” என்றார். அன்று ஒரு விதி எழுதினோம்: அண்ணனைப் பற்றித் தம்பிக்குச் சொல்ல வேண்டியதை அண்ணனே சொல்வார், தம்பியைப் பற்றியதைத் தம்பியே சொல்வான். அம்மா இருவரிடமும் பேரப்பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுவார். கடைப்பிடிக்க அம்மாவுக்குத்தான் மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

பங்கீடு எது நியாயம் என்ற கேள்வியில் அவர்கள் எங்களுக்குத் தீர்ப்பு வழங்கவில்லை. மார்ட்டன் டாய்ச் என்ற சமூக உளவியலாளர் 1975இல் எழுதியதைக் குறிப்பிட்டார்கள்: உழைப்புக்கேற்பக் கொடுப்பது ஒரு நியாயம், எல்லாருக்கும் சமமாகக் கொடுப்பது ஒரு நியாயம், தேவைக்கேற்பக் கொடுப்பது ஒரு நியாயம். கடையில் முதலாவதுதான் ஓடும். வீட்டில் மற்ற இரண்டும். கடையும் வீடும் ஒன்றாக இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் தனக்குப் பொருந்துகிற நியாயத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவரை அநியாயக்காரர் என்கிறார். அண்ணன் உழைப்பைச் சொன்னார், நான் சமத்துவத்தைச் சொன்னேன், தம்பி அம்மாவின் தேவையைச் சொன்னான். மூன்றும் உண்மை. இதைப் புரிந்துகொண்ட பிறகு எங்களுக்கு வழக்கறிஞர் அம்மையாரின் யோசனை எளிதாகப் பட்டது: முதலில் உழைப்புக்கு உரியதைத் தனியாக எடுத்துவையுங்கள், அம்மாவின் ஆயுளுக்கு வேண்டியதை ஒதுக்குங்கள், மீதியைச் சட்டப்படி பிரியுங்கள்.

அப்படியே செய்தோம். வாரிசுகள் எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்திட்ட உடன்பாட்டுப் பத்திரம் ஒன்று தயாரானது. அண்ணனின் சம்பளமில்லாத வருடங்களுக்கு ஒரு தொகை முதலில் அவருக்குப் போகும். கட்டடத்தை விற்பதில்லை. கடை ஒரு தனியார் நிறுவனமாக மாறியது. கட்டடத்துக்கு நியாயமான வாடகை கொடுக்கும். அந்த வாடகையை உடைமையாளர்கள் பங்கின்படி வாங்கிக்கொள்கிறோம். அண்ணனுக்கு மாதச் சம்பளம், சேமநிதி, சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு எல்லாம் உண்டு. என் ஒன்பதில் இரண்டு என்னிடமே இருக்கிறது.

இதையெல்லாம் பார்த்தபோது எனக்குத் தாத்தா வேலை பார்த்த கிட்டங்கிக்காரர்களின் நினைவு வந்தது. நகரத்தார் வழக்கத்தில் மகனுக்குக் கல்யாணமானதும் அதே பெரிய வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் செலவுக் கணக்கு என்று வேறு வைப்பார்கள். ஒரே வீடு, தனித்தனிக் கணக்கு. வெளிநாட்டுக் கடைக்கு அனுப்பும் ஏஜெண்டுக்கும் மூன்று வருடம் போலக் கெடு வைத்து, சம்பளம் பேசி, எழுதித்தான் அனுப்பினார்கள். அவர்களிடம் சம்பளம் வாங்கிய தாத்தா தன் சொந்தக் கடையில் தன் மகனுக்குச் சம்பளம் போடவில்லை. அப்பாவும் போடவில்லை. பாசம் உள்ள இடத்தில் கணக்கு எழுதுவது அவமானம் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

இனிக் குறைகள். பெரிய குறை, முதல் கட்டக் கூட்டங்களில் மருமகள், மருமகன் யாரையும் சேர்க்கமாட்டோம் என்ற அவர்களுடைய விதி. இரத்த உறவு முதலில் தங்களுக்குள் தெளிவடையட்டும் என்பது காரணம். என் கணவருக்கு அது சரி; அவருக்கும் கடைக்கும் தொடர்பில்லை. அண்ணியோ இருபது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்தவர். எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது, யார் கடன் பாக்கி, சென்னையிலிருந்து வரும் பெட்டியில் எது உடைந்து வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவருடைய உழைப்பும் அண்ணனுடையதைப் போலவே சம்பளமில்லாதது. அவர் வெளியே காப்பிக் கடையில் காத்திருக்க, உள்ளே நாங்கள் உழைப்பின் நியாயத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். நான் இரண்டாவது கூட்டத்திலேயே இதை எழுப்பினேன். கடைசிக் கட்டத்தில்தான் அவரை அழைத்தார்கள். இப்போது அண்ணி இயக்குநர்களில் ஒருவர், சம்பளமும் வாங்குகிறார். ஆனால் பேரேடு வாசித்த அன்று அவர் அங்கே இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பெண்ணை வேலைக்கு மட்டும் உள்ளே விட்டுவிட்டுப் பேச்சுக்கு வெளியே நிறுத்தும் பழைய பழக்கத்தை ஓர் உளவியல் சேவையே விதியாக வைத்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அவர்களிடம் எழுத்திலும் தெரிவித்திருக்கிறேன்.

படிவங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கின்றன. தமிழ் மட்டும் படிக்கும் அம்மாவுக்கு நான்தான் பக்கம் பக்கமாக வாசித்துச் சொன்னேன். பங்குக்காரரில் ஒருவர் இன்னொருவருக்கு வாசித்துச் சொல்வது சரியான முறை இல்லை. அவர்களே தமிழில் தரவேண்டும். முடிவில் ஓர் அறக்கட்டளை அமைக்கும் திட்டத்தையும் பரிந்துரைத்தார்கள். எங்கள் அளவுச் சொத்துக்கு அதன் ஆண்டுச் செலவு அதிகம் என்று மறுத்தோம்; வற்புறுத்தவில்லை.

உயிருடன் இருக்கும் தகப்பனார் சம்மதித்து வரும் குடும்பங்களுக்கு இந்தச் சேவை இன்னும் அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன். உயில் எழுதும் வேலையையும் இவர்களே செய்கிறார்கள். பங்கு பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது, உயில் எழுதிய பிறகு கல்யாணம் செய்தால் பழைய உயில் ரத்தாகிவிடும் என்று வழக்கறிஞர் அம்மையார் பொறுமையாக விளக்குகிறார். நானும் அங்கேயே என் உயிலை எழுதிக்கொண்டேன். ஏற்கெனவே வழக்குப் போட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நிலையில் இருப்பவர்களுக்கு இவர்களால் எந்த அளவு முடியும் என்பது சந்தேகம். ஒரே அறையில் உட்காரும் மனம் கொஞ்சமாவது வேண்டும். கடன் பிரச்சினைக்காகப் போகவேண்டாம். அது இவர்கள் துறை இல்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அண்ணிக்காக. குடும்பமாகக் கூடும் கூட்டங்கள் சனிக்கிழமைகளில் நடப்பதால் கடைக்காரர்கள் அன்று காலை நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அலுவலகம் பழைய கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கிறது, படி செங்குத்தானது. மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழ்த்தளத்தில் உள்ள சிறிய அறையைத் திறந்து வைக்கிறார்கள்.